வாடகை பாக்கிக்கு இன்னும் 4500 வேணும் (திருநெல்வேலி பேட்டை)

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, எங்க தெருவுல பீடி சுத்துத ஒரு அக்கா, ரெண்டு பொம்பளப்புள்ளையளோட 30ந்தேதி வீட்டக் காலி பண்ணணும்னு ஆயிட்டு. 2023 டிசம்பர் வெள்ளத்துல மண்வீடு கரைஞ்சு போய் இங்க வாடகைக்கு வந்தவங்க, மாசம் 3000, நாலு மாசப் பாக்கி 12000. வலது கை வீங்கிட்டு, சொளவ மடியில வச்சு இடது கையால கத்திரியப் புடிச்சு எல வெட்டுதாங்க, பாக்க முடியல. அட்வான்ஸ்ல கழிக்கச் சொன்னோம், அது முன்னாடியே கழிஞ்சிட்டாம். குழு லோன் ஏற்கனவே ஓடுது. பிஎஃப் எடுக்கலாம்னா ஆதார்ல பேரு வேற மாதிரி இருக்கு, திருத்த எழுதிக் குடுத்து ஒன்றரை மாசம் ஆச்சு. தெருவுல உண்டியல் வச்சு, ஜிபேல கேட்டு 7500 சேத்தோம், போன ஞாயித்துக்கெழமையோட நின்னு போச்சு. முழுசா குடுத்தா இருக்கட்டும்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. மீதி 4500க்கு நூறோ எரநூறோ 28ந்தேதிக்குள்ள யாரெல்லாம் போட முடியும்?