வடசென்னைக் காபித்தூள் கடைகள் மலையிலுள்ள சிறு விவசாயிகளோடு நேரடியாகக் கைகோக்க வழி உண்டா?

கேள்வி: வண்ணை அரவைக்கடை

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் என் தந்தையார் தொடங்கிய காபித்தூள் கடையை இப்போது நான் நடத்திவருகிறேன். சிக்கரி கலந்தும் கலக்காமலும் மாதத்துக்கு ஏறத்தாழ 200 கிலோ வறுத்த காபி எங்கள் கடையில் விற்பனையாகிறது. கொட்டையை இதுவரை மொத்த வியாபாரியிடமே வாங்கிவந்திருக்கிறேன். அது எந்த மலையில், யாருடைய தோட்டத்தில் விளைந்தது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

கடந்த டிசம்பரில் ஒரு திருமணத்துக்காக வத்தலக்குண்டு சென்றவன், அங்கிருந்து மலைமேல் காபி விளையும் தாண்டிக்குடி வரை போய்வந்தேன். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெரியவர், அன்று பறித்த காபிப் பழத்தைச் சாலையோரம் நின்ற வண்டியில் எடைபோட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரேசிலிலும் வியட்நாமிலும் ஏற்பட்ட வறட்சியால் 2024-இலும் 2025-இன் தொடக்கத்திலும் உலகச் சந்தையில் விலை ஏறியபோது, என் கடையில் தூளின் விலையை நான்கு முறை உயர்த்த நேர்ந்தது. அந்த உயர்வில் அவர் கைக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டேன். ஆடி மாதத்திலேயே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டதால், விலை பேசும் இடத்தில் தாம் இல்லை என்று அவர் சொன்னார். அந்தப் பதில் ஊர் திரும்பிய பிறகும் என்னை விடவில்லை.

தண்டையார்பேட்டை, பெரம்பூர், இராயபுரம் பகுதிகளில் எனக்குத் தெரிந்த மூன்று கடைக்காரர்கள் இருக்கிறார்கள். நாங்கள் நால்வரும் சேர்ந்து அத்தகைய குடும்பங்களிடம் நேரடியாக வாங்க விரும்புகிறோம். கிலோவுக்குச் சில ரூபாய் கூட்டிக் கொடுத்தால் அது அவர்களுடைய வாழ்வாதாரத்துக்கு உதவுமா, அல்லது வேறு ஏதேனும் செய்ய வேண்டுமா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பெரம்பூரில் வேலை, மலையில் தோட்டம்

ஐயா, என் பெற்றோர் தாண்டிக்குடிக்கு அருகே மூன்று ஏக்கரில் காபி வைத்திருக்கிறார்கள். நான் பெரம்பூரில் வசிக்கிறேன். உங்கள் கேள்வியில் விலையை முதலில் வைத்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டு அனுபவத்தில் விலை இரண்டாவது. பணம் எந்த மாதத்தில் வருகிறது என்பதே முதலாவது.

காபிப் பழம் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஐப்பசியில் தொடங்கித் தை வரை ஒரே செடியை மூன்று, நான்கு முறை சுற்றிவந்து, பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். ஆண்டுச் செலவில் பெரும்பகுதி இந்தப் பறிப்புக் கூலிக்கே போகிறது; கூலியை வாரக் கடைசியில் ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டும். கையில் பணம் இல்லாதவர் இரண்டில் ஒன்றைச் செய்வார்: காயும் பழமுமாக ஒரே முறையில் உருவிவிடுவார், அல்லது முன்பணம் கொடுத்தவரிடம் பழத்தை அப்படியே ஒப்படைப்பார். ஆகவே மார்ச்சில் நல்ல விலை தருகிறேன் என்று சொல்லும் கூட்டாளியைக் காட்டிலும், அக்டோபரில் கூலிக்குப் பணம் தந்து கணக்கை மார்ச்சில் முடித்துக்கொள்ளும் கூட்டாளியே எங்களுக்கு வேண்டியவர்.

அடுத்தது பல்ப்பர், அதாவது பழத்தின் தோலை நீக்கும் இயந்திரம். பறித்த பழத்தை அன்றே தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, களத்தில் பத்து, பதினொரு சதவீத ஈரம் வரை காயவைத்தால் பார்ச்மென்ட் (மெல்லிய உள்தோலோடு கூடிய கொட்டை) கிடைக்கும். தோலோடு காயவைத்தால் செர்ரி. இரண்டும் ஒரே செடியில் வந்தவைதான் என்றாலும், நன்றாகப் பதப்படுத்திய பார்ச்மென்டுக்குச் சந்தையில் மதிப்புக் கூடுதல். இரண்டு ஏக்கர்க்காரர் தனியாக ஒரு பல்ப்பரும் சிமென்டுக் களமும் வைத்துக்கொள்ள முடியாது. எட்டு, பத்துக் குடும்பங்களுக்குப் பொதுவாக ஒன்று இருந்தால் முடியும். இவற்றுக்குச் சிறு விவசாயிகளுக்கு மானியம் தரும் திட்டங்களை மத்திய அரசின் காபி வாரியம் நடத்திவந்திருக்கிறது. தாண்டிக்குடியிலேயே வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. ஆனால் மானியம் செலவுக்குப் பின்னால் வருவது. முன்னால் போட வேண்டிய தொகையை உங்களைப் போன்றவர்கள் கடனாகத் தந்தால் கருவி ஊருக்கு வந்துவிடும். கழுவிய நீரை ஓடையில் விடாமல் குழியில் தேக்குவதற்கான செலவையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஓடை கீழே உள்ளவர்கள் குடிக்கும் நீர்.

இன்னொன்றை உங்களிடம் வற்புறுத்திக் கேட்கிறேன். வெளியூரிலிருந்து நேரடியாக வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய கொட்டையான பிளான்டேஷன் ஏ தரத்தையும், பழத்துக்கு ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டையான பீபெரியையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மிச்சமிருக்கும் பி, சி தரங்களையும் உடைசலையும் எங்கள் அப்பா பழைய வியாபாரியிடமே கொண்டுபோக வேண்டியிருந்தது. நல்லதை வேறொருவருக்குக் கொடுத்ததற்காக அவர் மிச்சத்துக்கு அடிமாட்டு விலை வைத்தார். உங்கள் தொழிலில் அப்படிச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. டிகாஷனுக்கு அரைக்கும் கடையில் ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு கலவை உண்டு. முழு விளைச்சலையும் எடுத்துக்கொள்ள உங்களைப் போன்ற கடைகளால் முடியும். அதுவே நீங்கள் தரக்கூடிய பெரிய உதவி.

கடைசியாக, ஓர் ஆண்டுக்கு மட்டும் என்று வராதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் திண்டுக்கல் வழியாகக் கடந்தபோது எங்கள் மலையில் நிழல் மரங்கள் காபிச் செடிகளின் மேல் சாய்ந்தன. அராபிகா வகைக் காபியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு நிழல் குறைந்த இடத்தில்தான் அதிகம் பெருகும். எனவே மரம் போன தோட்டத்தில் அடுத்த ஆண்டுகளில் செடியும் போகிறது. புதிதாக நட்ட செடி காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் எங்களைக் காப்பாற்றியவை மிளகும் மலைவாழையும் ஆரஞ்சும்தான். காபி வாங்க வரும் வண்டி எங்கள் மிளகையும் ஏற்றிக்கொண்டு போனால் நன்றாக இருக்கும்.

பதில் 2: இராயபுரம் கணக்காளர்

முதலில் அளவைப் பார்ப்போம். மாதம் 200 கிலோ வறுத்த காபி என்றால் ஆண்டுக்கு 2,400 கிலோ. வறுக்கும்போது எடை ஆறில் ஒரு பங்கு குறைவதாகக் கொண்டால், ஏறத்தாழ 2,900 கிலோ பச்சைக்கொட்டை தேவை. ஒரு கிலோ கொட்டைக்கு ஆறு கிலோ பழம் வீதம் அது பதினேழு டன்னுக்கும் மேற்பட்ட பழம். ஏக்கருக்கு 200 கிலோ கொட்டை கிடைப்பதாக வைத்துக்கொண்டால், ஆளுக்கு இரண்டு ஏக்கர் உள்ள ஏழு குடும்பங்களின் முழு விளைச்சலை உங்கள் ஒரு கடையே எடுத்துக்கொள்ளும். நான்கு கடைகளும் இதே அளவு விற்றால் ஏறக்குறைய முப்பது குடும்பங்கள். சிறிய கடை என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

அமைப்பைப் பொறுத்தவரை, பத்து விவசாயிகள் இருந்தாலே கம்பெனிச் சட்டத்தின்கீழ் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவுசெய்யலாம். மத்திய அரசு 2020-இல் தொடங்கிய உழவர் உற்பத்தியாளர் நிறுவனத் திட்டத்தின் உதவிகளைப் பெற, மலைப் பகுதியில் குறைந்தது நூறு உறுப்பினர்கள் வேண்டும். முப்பது பேரைக் கொண்டு அவசரமாக நிறுவனம் தொடங்கிக் கணக்குத் தாக்கலுக்கும் தணிக்கைக்கும் செலவழிப்பதைவிட, முதல் இரண்டு ஆண்டுகள் எழுத்து மூலமான ஒப்பந்தத்தோடு குழுவாக இயங்குவது நல்லது என்பது என் கருத்து.

விலைக்கு இரண்டு விதிகள் வேண்டும். உலக வணிகத்தில், விவசாயிக்கு நியாய விலை கிடைக்கச் சான்றளிக்கும் ஃபேர்டிரேட் முறை, கழுவிய அராபிகாவுக்கு ஒரு பவுண்டு எடைக்கு 1.80 டாலர் என்று 2023 ஆகஸ்டில் அடிவிலை வைத்தது. 2025 பிப்ரவரியில் சந்தை விலையோ 4 டாலரைத் தாண்டிவிட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் அடிவிலையை மட்டும் எழுதிவைத்த ஒப்பந்தம் விவசாயியைக் கட்டிப்போடும். ஒவ்வொரு நாடும் எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்று நாடுகள் தமக்குள் வைத்திருந்த ஒதுக்கீடு 1989-இல் முறிந்த பிறகு விலை சரிந்து, 2001-இல் ஒரு பவுண்டு அரை டாலருக்கும் கீழே போனதே, அப்படிப்பட்ட ஆண்டில் சந்தை விலையை மட்டும் எழுதிவைத்த ஒப்பந்தம் அவரைக் கைவிடும். எனவே, குடும்பத்தின் சாகுபடிச் செலவோடு நியாயமான கூலியையும் சேர்த்த ஓர் அடிவிலை, சந்தை அதற்கு மேலே போனால் சந்தை விலையோடு ஒரு சிறு கூடுதல் என்று எழுதுங்கள். 1996 வரை, விவசாயிகளின் காபியை ஒன்றாகச் சேர்த்துக் காபி வாரியமே விற்ற கூட்டு விற்பனையில் ஒப்படைத்தவர்களுக்குப் பணம் தவணை தவணையாக வந்ததைப் பழைய விவசாயிகள் இன்றும் மறக்கவில்லை; தவணைத் தேதிகளையும் ஒப்பந்தத்தில் குறித்துவிடுங்கள்.

பதில் 3: காசிமேடு

நான் காபி அறியாதவள், மீன் அறிந்தவள். படகுக்கும் வலைக்கும் ஒருவரிடம் கடன் வாங்கினால், பிடித்து வரும் மீனை அவர் மூலமாகவே ஏலத்துக்கு விட வேண்டும் என்பது எங்கள் துறைமுகத்தில் பழைய வழக்கம். என் தந்தையார் வாங்கிய தொகையைப் பல ஆண்டுகள் தீர்க்க முடியவில்லை. வட்டியைவிடக் கொடுமையானது, வேறொருவர் கூடுதல் விலை கேட்டு எதிரே நிற்கும்போதும் மீனைக் கொடுக்க முடியாமல் போனதுதான்.

பெரம்பூர்க்காரர் சொல்லும் அக்டோபர் பணம் தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பணத்தைக் கொடுத்த மறுநாளே, அந்த வியாபாரி நின்ற இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். அதனால் தயவுசெய்து இதை எழுதிவையுங்கள்: முன்பணம் வாங்கியவர் அதை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு எவருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். எடை போடுகிறவர் உங்கள் ஆளாக இருக்கக் கூடாது. மகளிர் குழுக்களில் கணக்கு எழுதிப் பழகிய பெண்கள் அந்த ஊரிலும் இருப்பார்கள். எடைச் சீட்டை அவர்கள் எழுதட்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் என் நன்றி. நேற்றிரவு கடை அடைத்த பிறகு நால்வரும் உட்கார்ந்து இவற்றைப் படித்தோம். ஒருவர் முழு விளைச்சலையும் எடுக்கத் தயங்குகிறார்; மற்ற இருவரும் நானும் ஒப்புக்கொண்டோம். காசிமேட்டு அம்மா சொன்ன நிபந்தனை எங்களில் எவருக்கும் தோன்றாதது. ஒப்பந்தத்தின் முதல் வரியாக அதையே வைக்கப்போகிறோம். நான்கு கடைக்குக் கணக்கிட்ட முப்பது குடும்பங்களுக்குப் பதிலாக இந்த ஆண்டு பத்தோடு தொடங்குகிறோம். ஒரு பல்ப்பருக்கு அது போதும்.

பெரம்பூர் நண்பரே, உங்கள் தந்தையாரைப் பார்க்க ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை வரலாமா? பறிப்பு தொடங்குவதற்கு முன் களத்துக்கு இடம் பார்த்துவிட வேண்டும். மிளகுக்கு எங்களில் ஒருவருடைய மளிகைக்கடை இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.