நிலக்கரி எரிக்காத மின்கடத்தல் நிறுவனத்துக்குக் கார்பன் கணக்கு எங்கிருந்து வருகிறது?

கேள்வி

வணக்கம். மின்சாரத்தை உற்பத்தி செய்யாமல், உயரழுத்தத் தொடர்கள் (மின்கம்பித் தடங்கள்) வழியாகக் கடத்துவதை மட்டுமே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களின் உமிழ்வு குறித்து என் மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியுள்ளது. மத்திய அரசின் மின்கடத்தல் நிறுவனமான பவர்கிரிட் போல் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட, சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்னும் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியிருப்பதால், முதல் வகை (நிறுவனமே நேரடியாக வெளியிடுவது), இரண்டாம் வகை (வாங்கும் மின்சாரத்தால் வெளியாவது) உமிழ்வு எண்கள் அதில் தரப்படுகின்றன. ஒரு பிடி நிலக்கரியும் எரிக்காத நிறுவனத்துக்கு இந்த உமிழ்வு எங்கிருந்து வருகிறது? அதைக் குறைக்கும் முயற்சிகளில் உண்மையில் பலன் தருபவை எவை? வளாகத்தில் மரம் நடுவதும் கூரையில் சோலார் தகடு வைப்பதும் நல்லவைதாம் என்றாலும், விஷயம் அத்துடன் முடிந்துவிடுவதாக என்னால் ஏற்க இயலவில்லை.

முதல் பதில்

துணை மின்நிலையப் பராமரிப்பில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நேரடி உமிழ்வில் முக்கியமானது, எஸ்.எஃப்.6 என்று நாங்கள் சொல்லும் சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடு. மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் திறக்கும்போது எழும் மின்வில்லை அணைப்பதில் இதற்கு நிகரான வாயு நெடுங்காலம் கிடைக்காததால், உயரழுத்த நிலையங்கள் எங்கும் இது நிறைந்திருக்கிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் மதிப்பீட்டறிக்கைப்படி, நூறாண்டுக் கணக்கில், இதில் ஒரு கிலோ கசிவது 23,500 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாவதற்குச் சமம்.

பிரேக்கரில் வாயுவின் அடர்த்தியைக் காட்டும் அடர்த்திமானியின் முள் இறங்கினால் முதலில் அலாரம் அடிக்கும். மேலும் இறங்கினால் பிரேக்கர் லாக்-அவுட் ஆகி இயங்க மறுக்கும். ஆகவே அலாரம் வந்தவுடன் சிலிண்டரை மாட்டி வாயுவை நிரப்பிவிடுவது எளிய வழி. கசிவைத் தேடிப் பிடித்து ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) மாற்ற வேண்டுமானால் ஷட்டவுன், அதாவது மின்நிறுத்த அனுமதி, வாங்க வேண்டும், கோடை உச்சத்தில் அது எளிதில் கிடைக்காது. நிரப்புவதற்கு முன்னும் பின்னும் சிலிண்டரை எடைபோட்டு ரிஜிஸ்டரில் எழுதும் நிலையத்தில்தான் கசிவுக்கணக்கு நம்பத்தக்கதாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 24 கிலோவோல்ட் வரையிலான புதிய சுவிட்ச்கியரில் (பிரேக்கர் போன்ற மின்துண்டிப்புக் கருவிகளில்) இத்தகைய வாயுக்களை 2026 தொடக்கத்திலிருந்தே விலக்கத் தொடங்கி, மேல் அழுத்தங்களுக்கு 2028, 2032 என்று காலக்கெடு வைத்திருக்கிறது. இங்கும் அப்படியொரு கெடு வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது மின்கடத்தல் இழப்பு. நூறு கோடி யூனிட் கடந்து செல்லும் தொடரமைப்பில் (கிரிட்டில்) மூன்று விழுக்காடு இழப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்று கோடி யூனிட் கம்பியிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் வெப்பமாகப் போகிறது. நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பதால், இது ஏறத்தாழ 21,000 டன். அதே அளவை எஸ்.எஃப்.6 எட்ட வேண்டுமானால் கிட்டத்தட்ட 900 கிலோ கசிய வேண்டும். மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் அதே திறனுக்கு மின்னோட்டம் பாதியாகி, இழப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். 765 கிலோவோல்ட் தொடர்களையும், சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் நேர்மின் தொடரையும் இந்தக் கண்ணோடு பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் பதில்

மேலே சொல்லப்பட்டது சரியே. ஆனால் அந்த இழப்பு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் இழப்பை ஈடுகட்டும் மின்சாரத்தைத் தொடரமைப்பு நிறுவனமே விலைக்கு வாங்குகிறது. எனவே அது இயல்பாகவே அந்த நிறுவனத்தின் இரண்டாம் வகை உமிழ்வாகிவிடுகிறது. இந்தியாவில் மாநிலங்களுக்கிடையேயான தொடரமைப்பின் இழப்பு, 2020ஆம் ஆண்டின் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணைய விதிகளின்படி, மின்சாரத்தைப் பெறுபவர்கள் எவ்வளவு எடுக்கலாம் என்ற அட்டவணையிலேயே கழிக்கப்படுகிறது. கடத்தும் நிறுவனம் அந்த யூனிட்டுகளை வாங்குவதில்லை. ஆகையால் ஓர் இந்திய நிறுவனத்தின் எண்ணையும் ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு முன், இழப்பு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை அடிக்குறிப்பில் தேடுவது அவசியம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் கம்பிகூடச் சொந்தமில்லாமல் நாட்டின் மின்தொடரமைப்பை இயக்கும் கிரிட் இந்தியாவையும், மாநிலங்களின் எல்.டி.சி.க்களையும் (மின்சுமைப் பகிர்வு மையங்களையும்) எப்படி மதிப்பிடுவது?

மூன்றாம் பதில்

ஐயா, அவற்றின் சொந்த உமிழ்வு ஓர் அலுவலகக் கட்டடத்தின் உமிழ்வுதான். ஆனால் எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்ற நிமிடத்துக்கு நிமிட முடிவு அங்கே நடப்பதால், மற்றவர்களின் உமிழ்வு அவற்றின் கையில் இருக்கிறது. காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் மே முதல் செப்டம்பர் வரை காற்று வீசும்போது, அனல் நிலையங்களைக் குறைத்து அதற்கு இடம்விட வேண்டும். ஆனால் அனல் அலகை விதிப்படி அதன் திறனில் 55 விழுக்காடு வரைதான் இறக்க முடிகிறது. முற்றிலும் நிறுத்திவிட்டால் மாலை உச்சத்துக்குள் மீண்டும் எழுப்புவது கடினம். இடம் போதாதபோது காற்றாலையைக் குறைக்கச் சொல்லும் நிலை வருகிறது. தொடரமைப்பின் பாதுகாப்புக்காக அன்றி அப்படிக் குறைக்கக் கூடாது என்பது விதி. குறைத்தால் இழப்பீடு தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

இங்கேதான் கடம்பாறை போன்ற நீரேற்று நிலையத்தின் மதிப்பு தெரிகிறது. அதன் 400 மெகாவாட் திறன், மிகையான மின்சாரத்தால் நீரை மேலேற்றி வைத்துக்கொண்டு உச்சநேரத்தில் திருப்பித் தருகிறது. புகளூர் நேர்மின் தொடரும் தென்னகத்தில் காற்று மிகும்போது வடக்கே மின்சாரம் அனுப்பும் நோக்கத்தையும் கொண்டே அமைக்கப்பட்டது. என்னைக் கேட்டால், நட்ட மரங்களின் எண்ணிக்கையைவிட, தடுத்து நிறுத்தப்பட்ட காற்றாலை யூனிட்டுகளின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் அச்சிடச் சொல்வேன். கிரிட் இந்தியாவின் தினசரி அறிக்கை பொதுவில் கிடைக்கிறது. ஆடி மாதத்து நாள் ஒன்றையும் தை மாதத்து நாள் ஒன்றையும் எடுத்து, தமிழ்நாட்டின் காற்று மின்சாரத்தை மாணவர்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.