மறு: கோப்புப் பெயர்களில் 'நார்மலைசேஷன்' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். திரையில் ஒன்றாகத் தெரியும் பெயர் கணினிக்குள் இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தால் அதை ஒரே விதத்துக்குக் கொண்டுவருவதுதான் இங்கே பேசும் நார்மலைசேஷன்.

> 'இயல்பாக்கம்' என்றே விட்டுவிடலாமே. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் சொல்தானே?

புழக்கத்தில் இருப்பதுதான் இடைஞ்சல். தரவுத்தள அட்டவணைகளைப் பிரித்து அமைப்பதற்கும் இதே சொல், புள்ளியியலில் மதிப்புகளை 0க்கும் 1க்கும் இடையில் கொண்டுவருவதற்கும் இதே சொல். கோப்பு மாற்றும் செயலியின் பட்டியில் "பெயர்களை இயல்பாக்கு" என்று இருந்தால், அழுத்தினால் என்ன ஆகும் என்று யாருக்கும் பிடிபடாது. பெயரே மாறிவிடுமோ என்று பயந்து விட்டுவிடுவார்கள். அப்படி விடக்கூடாத வேலை இது.

நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் ஆளுக்கொரு எண் (குறியெண்) கொடுக்கும் யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தை (2965) அடுத்து ஓகாரக் குறி ஒரே எண்ணாக (3019) வருவது ஒன்று. ககரம், இரட்டைக்கொம்பு (3015), துணைக்கால் (3006) என்று மூன்று எண்களாக வருவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. ஒகரக் குறி, ஔகாரக் குறி, தனி ஔ ஆகியவையும் இப்படிப் பிரியும். வட்டில் கோப்புகளை வைக்கும் முறை (கோப்பு முறைமை) ஒவ்வொன்றும் இதை ஒவ்வொரு விதமாகக் கையாளும். மேக்கின் பழைய முறைமையான ஹெச்எஃப்எஸ் பிளஸ் எதைக் கொடுத்தாலும் பிரித்துத்தான் எழுதிவைக்கும். அதற்குப் பதிலாக மேக்கில் 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும், ஆனால் தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். லினக்ஸின் இஎக்ஸ்டி4, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் இரண்டுக்கும் இந்த ஒப்பீடு வழக்கமாகக் கிடையாது. அவற்றுக்கு இவை வேறு வேறு பெயர்கள்.

விளைவு: பழைய மேக் வட்டிலிருந்து வந்த 'கோப்பு' ஏற்கெனவே இருக்கும் 'கோப்பு'வின் மேல் எழுதப்படாமல் பக்கத்தில் போய் உட்காரும். ஒரே அடைவில் ஒரே பெயரில் இரண்டு. ஒத்திசைவுச் செயலி ஒன்றை அழித்துவிட்டு மற்றதைத் திரும்ப இறக்கிக்கொண்டே இருக்கலாம். பெயரைத் தட்டச்சிட்டால் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வரும். சுட்டியால் சொடுக்கினால் திறக்கும். சந்தேகம் வந்தால் முனையத்தில் அந்தப் பெயரின் பைட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். 'கோப்பு' சேர்ந்த நிலையில் 18 பைட், பிரிந்த நிலையில் 21. பட்டியலிடும் கட்டளையின் வெளியீட்டை 'டபிள்யூசி' என்ற எண்ணும் கட்டளைக்கு அனுப்பினால் வரிமுடிவும் சேர்ந்து 19, 22 என்று காட்டும்.

> 'ஒருவடிவாக்கம்' பொருந்தாதா?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய் சொல்கிறது. வடிவம் முன்பே ஒன்றுதான். வேறுபடுவது அடியில் இருக்கும் குறியெண் வரிசை. இந்தப் பெயரை வைத்தால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதையெல்லாம் இது ஒன்றாக்கிவிடும் என்ற எதிர்பார்ப்பு வரும். ஆக்காது. ஔகாரத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிய 'ஒளவை'யை எந்த நார்மலைசேஷனும் தொடாது. அது எழுத்துப்பிழை, கையால்தான் திருத்த வேண்டும்.

> என்எஃப்சி, என்எஃப்டி என்று அப்படியே எழுதிவிட்டால்?

சேர்ந்த நிலைக்கும் பிரிந்த நிலைக்கும் யூனிகோடில் உள்ள சுருக்கப்பெயர்கள் அவை. நிரலர்களுக்குள் சரி. பயனருக்கு என்எஃப்சி என்றால் கைபேசியைக் காட்டிப் பணம் கட்டுவது.

என் பரிந்துரை: சேர்ந்த நிலை சேர்குறி, பிரிந்த நிலை பிரிகுறி. இரண்டும் வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாது, எழுதுபவர் தடுமாற வேண்டாம். உயிர்க்குறியையும் குறியெண்ணையும் 'குறி' ஒருசேரச் சுட்டும். கொரிய எழுத்து பிரியும்போது வருவது குறியல்ல, எழுத்தே என்று யாராவது கேட்பீர்கள். குறியெண் என்ற பொருளில் அங்கும் நிற்கும். செயலுக்குக் குறிச்சீராக்கம் எனலாம். பொத்தானில் அதைவிட "பெயர்களைச் சேர்குறியாக்கு" என்று நேரடியாக எழுதுவதே மேல், எந்தப் பக்கம் மாற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

உதவிப் பக்கத்தில் சொற்கள் இப்படி உட்காரும்:

"மேக்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாக அனுப்பும்போது, பெயர்களின் குறிமுறையை மாற்றும் ஐகான்வ் தேர்வில் 'யூடிஎஃப்-8-மேக், யூடிஎஃப்-8' என்று கொடுத்தால் பிரிகுறிப் பெயர்கள் சேர்குறியாகிப் போய்ச் சேரும். அனுப்பினாலும் பெற்றாலும் முதலில் வருவது கட்டளை இடும் கணினியின் குறிமுறை. இத்தேர்வு ஆர்சிங்க் 3.0 முதல்தான் உண்டு. மேக்குடன் வந்த பழைய 2.6.9இல் இல்லை."

"லினக்ஸுக்கு வந்துசேர்ந்துவிட்ட கோப்புகளைக் கன்வ்எம்வி என்ற பெயர்மாற்றும் கருவி கொண்டு சேர்குறியாக்கலாம். 'நோடெஸ்ட்' தேர்வைக் கொடுக்காதவரை அது எதையும் மாற்றாது, என்ன மாறும் என்று காட்டுவதோடு நிற்கும். முதலில் அப்படி ஓட்டிப் பட்டியலைப் பாருங்கள். சேர்குறிப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் அதை விட்டுவிடும். எது புதியது என்று நீங்கள் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்."

விண்டோஸில் பவர்ஷெல் சரங்களின் 'நார்மலைஸ்' செயற்கூறு தனியாக எதுவும் சொல்லாவிட்டால் சேர்குறிக்குத்தான் மாற்றும். நிரல் பதிப்புகளைக் காக்கும் கிட் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு மேக்கில் 'பிரீகம்போஸ்யூனிகோட்' அமைப்பு இருக்கிறது, அதை இயக்கிவைத்தால் போதும்.

பெயர் நீளத்தையும் இதே பக்கத்தில் சேர்க்க வேண்டும். இஎக்ஸ்டி4இல் ஒரு பெயருக்கு 255 பைட். தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட், ஆக 85 குறியெண்களோடு சரி. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் அதைவிடக் குறைவு. என்டிஎஃப்எஸ் எண்ணுவது பைட்டுகளை அல்ல, யூடிஎஃப்-16 அலகுகளை; தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் ஓர் அலகு. அங்கே அதே 255இல் 255 தமிழ்க் குறியெண்களும் அடங்கும். விண்டோஸில் நிம்மதியாக இருந்த நீளமான தமிழ்ப் பெயர் லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது "பெயர் மிக நீளம்" என்று நின்றுபோவது இதனால்தான். பிரிகுறியில் ஒவ்வொரு ஒகர, ஓகாரக் குறிக்கும் ஔகாரத்துக்கும் 3 பைட் கூடும் என்பதால் எல்லையில் இருக்கும் பெயரைச் சேர்குறியாக்கினாலே சில சமயம் உள்ளே வந்துவிடும்.

பிழைச்செய்திக்கு என் வரைவு: "இதே பெயர் பிரிகுறியில் ஏற்கெனவே உள்ளது. சேர்குறியாக்கிப் பழையதன் மேல் எழுதவா, இரண்டையும் வைத்துக்கொள்ளவா?" 'பிரிகுறி' அங்கே முதல்முறை வருவதால் பக்கத்தில் விளக்க இணைப்பு வேண்டும். மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லை இந்தச் செய்திக்குள்ளேயே வைத்து எழுதிக் காட்டுங்கள்.