மாலை வகுப்பில் நின்றுவிடும் பெண்பிள்ளைகள்

கேள்வி: நாங்கள் நடத்தும் இலவச மாலை வகுப்புக்குச் சின்னப் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். கொஞ்சம் வளர்ந்த பெண்பிள்ளைகள்தான் நின்றுவிடுகிறார்கள். நோட்டு, பை எல்லாம் கொடுத்தாயிற்று. வேறு என்ன செய்யலாம்?

பதில் 1: பையை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள். அந்த வேளையில் வீட்டில் தம்பி தங்கையை யார் பார்ப்பது? வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு 1985-இல் ஓரறைப் பள்ளிகளைத் தொடங்கியபோது, குடும்பங்களுக்குத் தோதான நேரத்தில்தான் வகுப்பை வைத்தது. என் வகுப்பில் கைக்குழந்தையையும் தூக்கி வரலாம் என்று சொல்லிவிட்டேன். மூலையில் ஒரு விரிப்பு, நாலு பொம்மை. சத்தம் காதைப் பிளக்கும்தான், ஆனாலும் பெண்பிள்ளைகள் வருகிறார்கள்.

பதில் 2: மெக்சிகோவின் புரோகிரேசா திட்டம் (1997) பிள்ளை பள்ளிக்குப் போனால் தாயின் கையில் பணம் கொடுத்தது. மேல்வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குத் தொகை கூடுதல். நம்மிடம் அவ்வளவு பணம் ஏது, அது வேறு கதை!

கேட்டவர்: சரி, முதலில் அம்மாக்களிடம் நேரம் கேட்கிறேன். அப்புறம் விரிப்பு.