1420 மெகாஹெர்ட்ஸில் நகராமல் நிற்கும் ஒரு ஊசி: எங்கிருந்து வருகிறது?

திருவண்ணாமலையில் மொட்டை மாடியில் 90 செ.மீ. டிஷ் வைத்து ஹைட்ரஜன் கோட்டை, அதாவது விண்வெளி ஹைட்ரஜன் வாயு 1420.4 மெகாஹெர்ட்ஸில் வெளியிடும் ரேடியோ அலையைப் பிடிக்கப் பார்க்கிறேன். டிஷ் முனையில் டப்பா ஆன்டெனா, 1420 மெகாஹெர்ட்ஸுக்கான ஃபில்டரோடு ஒரு ஆம்ப்ளிஃபயர், ஆர்820டி2 ட்யூனர் உள்ள எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் சின்ன ரேடியோ ரிசீவர்), பழைய லேப்டாப்.

மூன்று வாரமாக, மாலை ஆறரைக்கு மேல் 1420.4-ஐ ஒட்டி, திரையில் வரும் வரைபடத்தில் ஊசி போல ஒரு சிக்னல். பதினோரு மணி வாக்கில் தானாகப் போய்விடும். அதன் பிறகுதான் பால்வீதியின் அகலமான மேடு லேசாகத் தெரிகிறது. 1977-இல் அமெரிக்காவின் ஓஹியோவில் பதிவான, வேற்றுலகத்தாருடையதோ என்று பேசப்பட்ட 'வாவ்' சிக்னலும் இந்த அலைவரிசைக்குப் பக்கத்தில்தான் என்பதால் முதல் நாள் தூக்கமே வரவில்லை. ஆனால் அது 72 விநாடிதான். பூமி சுழலச் சுழல வானம் ஆன்டெனாவைக் கடந்து போய்விடும். என் டிஷ்ஷுக்கு அது சுமார் ஒரு மணி நேரம். நாலு மணி நேரம் அசையாமல் நிற்பது வேற்றுலகத்தார் இல்லை, பக்கத்துத் தெருவார்தான்!

லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினேன், ரவுட்டரை நிறுத்தினேன், வீட்டு மெயினையே அணைத்தேன். மாற்றமில்லை. டிஷ்ஷைத் தரைப்பக்கம் கவிழ்த்தாலும் ஊசியின் உயரம் அதேதான். ஆன்டெனாவைக் கழற்றி அந்த இடத்தில் 50 ஓம் டெர்மினேட்டர் (வெளி சிக்னல் எதையும் உள்ளே விடாத மூடி) போட்டால் மட்டும் மறைகிறது. அப்படியானால் டாங்கிளில் கோளாறு இல்லை, ஆன்டெனா வழியாகத்தான் வருகிறது.

கையில் இருக்கும் இந்தச் சாமான்களை வைத்தே அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?