மறு: ஏரிப் பாசியைச் செயற்கைக்கோளில் கண்காணிக்க நிதி

எல்லோருக்கும் வணக்கம்.

சித்தி ஊருக்குப் போனபோது எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மதகோரம் பச்சைப் பெயின்டைக் கொட்டியது போல ஆடை படிந்து கிடக்கிறது. கண்காணிக்க வேண்டும் என்று பெரியப்பா சொல்வது நியாயம். ஆனால் அதற்கு வருடச் சந்தா கேட்கும் நிறுவனத்துக்குச் சங்கப் பணம் போகக் கூடாது.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் எல்லோருக்கும் இலவசம். இரண்டு கோள்கள் சேர்ந்து சுற்றுவதால் ஐந்து நாளுக்கொரு படம் கிடைக்கிறது. பாசியின் பச்சையம் 665 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடும். பாசி மண்டிய தண்ணீர் 705 பக்கம் ஒளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். 705-இல் திரும்பி வரும் ஒளியின் அளவிலிருந்து 665-இல் வருவதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண் ஏற ஏற, பாசியும் ஏறுகிறது என்று பொருள். பழைய படங்களை வைத்து இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சாக்கடை வந்து சேரும் வாய்க்கால் முனையில்தான் நிறம் முதலில் மாறுகிறது. அந்தச் சாக்கடையைத் திருப்பிவிட்டபோது யார் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பது மாமாவுக்குத் தெரியும்.

படத்தை வெளியே காட்டினால் ஊர் மானம் போகும் என்கிறார் மாமா. வானத்திலிருந்து எடுத்த படத்தை யாரிடம் மறைப்பது?

மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. ஆகாயத்தாமரையும் பாசி போலவே பச்சையாகத்தான் விழும். முக்கியமாக, தண்ணீரில் நஞ்சு இருக்கிறதா என்று கோள் சொல்லாது. 2014-இல் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஏரிப் பாசியின் நஞ்சு குழாய்த் தண்ணீரில் கலந்தபோது, காய்ச்சிக்கூடக் குடிக்காதீர்கள் என்றார்கள். மைக்ரோசிஸ்டின் என்ற அந்த நஞ்சு கொதித்தாலும் அழியாது. நாம் நீச்சல் பழகிய அதே படித்துறையில் இன்றைக்கும் பிள்ளைகள் குதிக்கிறார்கள்.

அதனால் நிதியை நீர் மாதிரிப் பரிசோதனைக்குக் கொடுப்போம். படம் பார்ப்பதை நான் செய்கிறேன். நிறம் ஏறிய வாரமே தம்பி தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். ரசீது இந்தக் குழுவுக்கே வரட்டும். பெரியப்பா, தூர்வாரிய கணக்கு இன்னும் வரவில்லை. அதையும் இந்த வாரம் அனுப்பிவிடுங்கள்.