கார் ஏசி குளிர்ச்சி குறைவு: கேஸ் கசிவா, எக்ஸ்பான்ஷன் வால்வா?

வணக்கம் நண்பர்களே. ஏசி வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

காரில் ஏசிக்கு ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் கேஸ். ஓடும்போது சுமாராகக் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான். கேபின் ஃபில்டர் புதியது, கண்டென்சர் ஃபேனும் நன்றாகச் சுற்றுகிறது. கம்ப்ரசர் கிளட்ச் மட்டும் சில நொடிகளுக்கு ஒருமுறை ‘டக்’கென்று விழுந்து எழுகிறது.

பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்ததில் லோ சைடு (கம்ப்ரசருக்குள் கேஸ் வரும் பக்கம்) 15 பிஎஸ்ஐ வரை இறங்கிவிடுகிறது. ஹை சைடும் (கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கம்) ஏறவில்லை, 120 பக்கத்திலேயே நிற்கிறது. வெளி வெப்பம் 35 டிகிரி.

மெக்கானிக், "இன்ஜின் ஆஃபில் பிரஷர் சரியாக இருக்கிறதே, கேஸ் போதும், வால்வை மாற்று" என்கிறார். அவர் சொல்வது எக்ஸ்பான்ஷன் வால்வை, அதாவது குளிர்விக்கும் காயிலுக்குள் கேஸை அளவாக விடும் வால்வை. எனக்கு அது ஒப்பவில்லை. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே அந்த பிரஷர் வெப்பநிலையைப் பொறுத்துத்தானே நிற்கும்? அதை வைத்து அளவை எப்படிச் சொல்வது? போதாததற்கு கண்டென்சர் பைப் ஜாயின்டில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு, அங்கே கசிகிறதோ என்று சந்தேகம்.

கேஸைக் கழற்றி எடை பார்க்காமல் வால்வு அடைப்பையும் கேஸ் குறைவையும் பிரித்தறிய வழி உண்டா? கசிவுக்கு யுவி டை (புற ஊதா விளக்கில் கசிவைக் காட்டும் சாயம்) போதுமா, நைட்ரஜன் டெஸ்ட்தான் (நைட்ரஜனை அழுத்தத்தில் நிரப்பிப் பார்ப்பது) நல்லதா? வேக்கம் பிடித்துப் பார்த்தால் சின்னக் கசிவு தப்பிவிடும் என்பதால் கேட்கிறேன். அப்புறம், ஜாயின்டின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மட்டும் மாற்றினால் கம்ப்ரசர் ஆயில் எவ்வளவு சேர்ப்பீர்கள்?

கசிவை அடைக்காமல் டாப்-அப் செய்யும் எண்ணம் இல்லை. சீலன்ட் கேனும் வேண்டாம்.